மேலே காட்டன் சட்டை

"தொட்டுட்டு வாங்க" என்றாள் சினேகா.

மேசை விளிம்பில் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி சன்னல் வழியாக இறங்கி ஈர மண்ணுக்குள் போயிருந்தது. தகட்டில் கை வைத்தவர்கள்தான் கிட்டே வரலாம். ஐந்தாம் வகுப்புச் சினேகாவின் உத்தரவு.

"எங்க போர்மேன்கூட இம்புட்டு அதட்ட மாட்டாரு, தாயி" என்று சிரித்தபடி தொட்டாள் பக்கத்து வீட்டு முருகம்மாள்.

ஆமத்தூர்ப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள். வெடிமருந்து அறை வாசலில் தினமும் இப்படி ஒரு தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். எதற்கென்று ஒருவரும் அவர்களுக்குச் செய்து காட்டியதில்லை.

சினேகாவின் அப்பா செழியன் சுவரோரம் நின்றான்.

எரிமலை செய், நுரை பொங்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தான். தீப்பிடிச்சு அம்மா செத்த மருந்து அறைக்குத்தானே முருகம்மா பெரியம்மா நாளைக்கும் வேலைக்குப் போவாக என்றாள் மகள்.



மேசையில் ஒரு கண்ணாடிச் சீசா. மூடியில் செருகிய கம்பியின் கீழ்நுனியில், சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாளில் வெட்டிய இரண்டு துண்டுகள் ஒட்டினாற்போலத் தொங்கின.

இரண்டு பருத்தித் துணிகளை உரசிக் கம்பியருகே கொண்டுபோனாள். தாள்கள் அசையவில்லை.

செயற்கை இழையில் நெய்த பூனம் சேலைத் துண்டை உரசினாள். தாள்கள் விறைத்து விலகின. "உரசுனா இதுல கரண்டு ஏறுது, அதுல வர்ற ஒரு பொறி போதும் மருந்து பத்திக்க" என்றாள்.

"அதுக்குத்தான் சேலைக்கு மேல காட்டன் சட்டை போடுறோம்ல? பெறகென்ன?" என்றாள் முருகம்மாள்.

கம்பெனிக்குப் போகும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் தைரியம். வாசலில் சோதிக்கிறவர்களும் சட்டையைத்தான் பார்ப்பார்கள்.

சினேகா பூனம் துண்டை விரித்தாள். மேலே அப்பாவின் பழைய காட்டன் சட்டையைப் போட்டாள். கைவீசி நடக்கும்போது உரசுவது போல நாலு தடவை இழுத்தாள். சட்டையை எடுத்துவிட்டுத் துண்டைக் கம்பியருகே நீட்டினாள்.

தாள்கள் முன்னைவிட அகலமாக விரிந்தன.



முருகம்மாள் குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். பூனம்தான். பத்து வயதுப் பிள்ளை சொல்லி அதை மாற்றுவதா? செழியனிடம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க காலேசு படிச்சவுக. இவ சொல்லுறது நெசமா?"

இயற்பியல் பட்டம், மூன்று வருஷம். இந்தச் சீசாவைப் படமாக வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

செழியன் மேசைக்கு வந்தான். முதலில் தகட்டில் கை வைத்தான்.

"நெசந்தான்க்கா. நாளையில இருந்து காட்டன் சேலையிலயே போங்க."

படித்தவன் சொன்னால் சரி. முருகம்மாள் தலையாட்டினாள். சினேகா நிமிர்ந்து, அடுத்த ஆளைத் தகட்டைத் தொடச் சொன்னாள்.

பூனம் சேலையில் வேலைக்குப் போகலாமா என்று அவனிடம் முன்பும் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவர்களின் கடைசிக் கல்யாண நாள் காலை. அவன் வாங்கிக் கொடுத்த புதுப் பூனம் சேலையில், வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்ற சினேகாவின் அம்மா சொர்ணலட்சுமி.

அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல காட்டன் சட்டை போடுறேல்ல? ஒண்ணும் ஆகாது."