கிண்ணத்தின் அடியில் இருந்த முத்திரை

சீனத்து அரண்மனை ஒன்றின் ஜன்னலோரத்தில், நீலப் பூ வரைந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு குட்டி மீன் குடியிருந்தது. “என் அடியில் சக்கரவர்த்தியின் முத்திரை இருக்கிறது, தெரியுமா?” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வது கிண்ணத்தின் வழக்கம். மீனுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு.

ஒருநாள் பூனை வந்தது. கிண்ணம் உடனே ஆரம்பித்துவிட்டது.

“சும்மா அளக்காதீர் ஐயா!” என்று பூனை சிரித்தது. “சந்தையில் ஒவ்வொரு சட்டியும் இதைத்தான் சொல்கிறது. எங்கே, கொஞ்சம் கவிழ்ந்து காட்டும், பார்ப்போம்.”

கிண்ணத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது மெல்லச் சாயத் தொடங்கியது. விளிம்பில் தண்ணீர் தளும்பியது. பூனை நாக்கைச் சுழற்றிக்கொண்டது.

“அண்ணே, அண்ணே! நான் உள்ளே இருக்கிறேன்!” என்று மீன் கத்தியது.

“பொறு தம்பி, இது மானப் பிரச்சினை!” என்றது கிண்ணம், இன்னும் சாய்ந்தபடி.

கிண்ணம் தன் அடியைத் தானே ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மீனின் நினைவுக்கு வந்தது.

“எதற்கு அண்ணே கவிழ வேண்டும்? உங்கள் மேனி அவ்வளவு மெல்லிசு. வெயில் பட்டால் அந்த முத்திரையின் எழுத்தெல்லாம் உள்ளிருந்தே எனக்குத் தெரிகிறது. நானே வாசித்துக் காட்டுகிறேன்.”

கிண்ணம் சாய்வதை நிறுத்தியது. “அப்படியா? என்ன எழுதியிருக்கிறது? சத்தமாய்ச் சொல்!”

மீன் அடிவரை நீந்திப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது: “இந்தக் கிண்ணத்தை யாரும் கவிழ்க்கக் கூடாது. இப்படிக்கு, சக்கரவர்த்தி.”

கிண்ணம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. “கேட்டீரா பூனையாரே? அரச கட்டளை! உமக்காக அதை மீற முடியுமா?”