ஜாக்கெட்டின் வலது கை

வலது கை நுழைந்துவிட்டது.

எங்கும் தடுக்காமல், முழங்கையைத் தாண்டி, தோள் வரைக்கும்.

அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அவளுடைய ஜாக்கெட் எதுவும் இப்போது முழங்கையைத் தாண்டுவதில்லை. மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு வருடமாகிறது. அக்குளிலிருந்தும் எதையெல்லாமோ வழித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு வலது கை வீங்கத் தொடங்கியது. வடியவே இல்லை. பீரோவில் அடுக்கியிருக்கும் பழைய ஜாக்கெட்டுகள் யாரோ ஒருத்தி விட்டுப்போனவை மாதிரி இருக்கின்றன.

அப்படியானால் இது யாருக்கு?

அவருடைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது. துணிப்பைக்குள் சுருட்டி, அதன்மேல் வேட்டியை மடித்துப் போட்டு மறைத்திருந்தார். வாடாமல்லி நிறம். புதுத் துணியின் கஞ்சி வாசனைகூடப் போகவில்லை.

முந்தாநாள் நாத்தனார் கற்பகம் வந்திருந்தாள். காப்பியை ஆற்றிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்.

"அண்ணன் ஜைத்தூன் அக்கா கடையில நின்னுட்டிருந்தாரு, அண்ணி. பொம்பளைங்க தைக்கக் குடுக்கிற இடத்துல அவருக்கு என்ன வேலையோ. உங்களுக்குன்னு நெனைக்கலாம்னா, நீங்கதான் நைட்டிய விட்டு வெளிய வர்றதே இல்லையே."

ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறார் என்று அவள் வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள். கற்பகம் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் காப்பியைக் குடித்தாள்.

அவருடைய அலுவலகத்துக்கு வத்சலா என்று ஒருத்தி மாற்றலாகி வந்திருக்கிறாள். ஒரு புதுமனைப் புகுவிழாவில் இவள் பார்த்திருக்கிறாள். பருத்த, உருண்டையான கைகள். பந்தியில் அவருக்கு மோர் எடுத்துக் கொடுத்தது அந்தக் கைதான். அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து அவளுக்கு எவ்வளவோ நாளாகியிருந்தது.

இந்த ஜாக்கெட்டின் கை அந்தக் கைக்குக் கச்சிதமாக இருக்கும்.

கை.

ஒரே சொல்தான். உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து எல்லாரும் அதை வைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசினார்கள். டாக்டர் கைராசிக்காரர் என்றார்கள். நல்லவேளை, விஷயம் கை மீறிப் போகவில்லை என்றார் டாக்டர். பார்க்க வந்தவர்கள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, கைப்பக்குவம் அப்படியே இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னார்கள். நர்ஸ் ஒருத்திதான் கையைக் கையென்று மட்டும் சொன்னாள். இதில் ஊசி வேண்டாம், வளையல் வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காய் நறுக்கினார். துணி உலர்த்தினார். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார். எல்லாவற்றுக்கும் கை கொடுத்தார்.

கையைப் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. அவள் உடை மாற்றப் போனால் எழுந்து கூடத்துக்குப் போய்விடுவார். கூச்சம் என்று முதலில் நினைத்தாள். பிறகு, அருவருப்பு என்று நினைத்தாள். இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வத்சலா.

ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். வரட்டும். இதைப் போட்டுக்கொண்டே போய் எதிரில் நிற்க வேண்டும். கையும் களவுமாகப் பிடித்தால் என்ன முகம் காட்டுகிறார் பார்க்கலாம். ஆள் கைகாரர்தான். ஏதாவது சொல்லி மழுப்புவார். மழுப்பட்டும்.

இடது கையை நுழைத்தாள்.

பிடித்துக்கொண்டது.

மெல்ல இழுத்து விட்டாள். தோளில் போய் உட்கார்ந்தது. தளர்வும் இல்லை, இறுக்கமும் இல்லை. ஒரு காலத்தில் அவளுடைய ஜாக்கெட்டுகள் உட்கார்ந்த மாதிரி.

தப்பாகத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

கழற்றிக் கட்டிலில் விரித்தாள். முதுகுப் பக்கத்தை நடுவில் மடித்து, ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்துப் பார்த்தாள். வலது கை நாலு விரல் அகலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அக்குளில் முக்கோணமாக ஓர் ஒட்டுத்துணி. தையல் உரசாமல் இருக்க உள்ளே மெல்லிய மல் துணி. வீக்கம் அதிகமான இடத்தில் அகலம் கூடி, குறைந்த இடத்தில் குறைந்து, முழங்கையில் மறுபடியும் கொஞ்சம் கூடியிருந்தது.

வத்சலாவுக்கு இரண்டு கையும் ஒரே பருமன்.

இப்படி ஒரு கை இந்த ஊரில் ஒருத்திக்குத்தான் உண்டு.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து இதைத் தைக்க முடியாது. வீட்டில் இருப்பதெல்லாம் பழைய அளவு. டேப் வைத்து அளந்திருக்க வேண்டும். தோளுக்குக் கீழே ஒன்று. நடுவில் ஒன்று. முழங்கையில் ஒன்று.

எப்போது?

டாக்டர் சொன்னபடி, தூங்கும்போது அந்தக் கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்திருப்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குவார். தூங்குகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஒரு தடவையில் முடிகிற அளவா இது?

அழுகை வரவில்லை. கோபம் மாதிரி ஒன்றுதான் வந்தது. தன் கையைத் தனக்குத் தெரியாமல் ஒருவர் தொட்டிருக்கிறார். தொட்டது தெரியாமல் அவள் தூங்கியிருக்கிறாள்.

வாசல் கதவு திறந்தது. அடுக்களையில் பை இறங்கியது. அவர் வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தார்.

அவள் ஜாக்கெட்டை மறுபடியும் போட்டுக்கொண்டாள். கொக்கிகளை மாட்டவில்லை.

அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"அளக்கறப்போ என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

கூடையில் வெங்காயம் விழும் சத்தம் நின்றது.