சளி டப்பா

“இந்த ரிப்போர்ட் பொய்!”

தீவனக் கடைக்காரர் போட்ட சத்தத்தில், லேப் வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த டெக்னீஷியன் அம்மா அசரவில்லை. கறாரான பொம்பளை. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

“எது சார் பொய்?”

“என் பொண்டாட்டி நுரையீரல்ல பூஞ்சைன்னு போட்டிருக்கே, அது! அவளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. வேணும்னா எழுதியே தரேன்.”

கத்திய வேகத்தில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார்.

“நீங்க டாக்டரா சார்?”

“இல்ல. மாட்டுத் தீவனம் விக்கறேன்.”

“அப்ப தீவனத்தைப் பத்தி எழுதித் தாங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் பெஞ்சில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏறி உட்காருங்கம்மா. டாக்டர் உடனே அட்மிட் பண்ணச் சொல்லிட்டார். ஸ்கேன் எடுத்துட்டு இன்னிக்கே மருந்து ஏத்தணுமாம்.”

அந்த மனுஷர் செய்த காரியத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலியை விட்டார் ஒரு தள்ளு! அது போய்ச் சுவரில் இடித்து நின்றது.

“அவ எங்கேயும் வரமாட்டா!”

“பொண்டாட்டிக்கு நோவுன்னா ஒத்துக்கக்கூட மனசு வரல பாரு. கல்நெஞ்சன்” என்றாள் ஒருத்தி.

“நம்ம வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

டெக்னீஷியன் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதவைத் திறந்தார்.

“மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க சார். கண்ணால பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.”

உள்ளே ஒரு சின்ன இருட்டறை. நடுவில் மைக்ராஸ்கோப். அவர் குனிந்து பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“ஒரே கறுப்பு. நடுவுல நீலமா, வெள்ளையா, மரக்கிளை மாதிரி என்னமோ பளபளன்னு மின்னுது.”

“அதுதான் பூஞ்சை. சளியில நாங்க விடற சாயம் அதோட தோல்ல போய் ஒட்டிக்கும். இந்த ஊதா வெளிச்சம் பட்டா காட்டிக் கொடுத்துடும்.”

“பஞ்சு கிஞ்சு ஒட்டியிருக்கும்மா.”

“பஞ்சும் மின்னும், பேப்பர் தூசியும் மின்னும். ஆனா அதெல்லாம் இப்படிக் கணு கணுவா கிளை விடாது. நானும் ஒண்ணுக்கு ரெண்டு ஸ்லைடு போட்டுப் பார்த்துட்டேன். நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்?”

அவர் கண்ணை எடுத்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

“நீங்க சொல்லலம்மா. பொய் சொன்னது நான்தான்.”

“என்ன சொல்றீங்க?”

“காலையில நீங்க குடுத்த சளி டப்பாவை வச்சுக்கிட்டு அவ பட்ட பாடு இருக்கே! இருமி இருமிப் பார்த்தா, வெறும் எச்சில்தான் வருது. எச்சில் வேணாம், நெஞ்சுச் சளிதான் வேணும்னு நீங்க கண்டிஷனா சொல்லிட்டீங்க. விலா வலிக்குதுன்னு முனகறா. எனக்குப் பார்க்கச் சகிக்கல. டப்பாவை வாங்கிக்கிட்டுப் போய் நானே இருமித் துப்பிக் கொண்டாந்துட்டேன். எனக்குத்தான் தொட்டா வருதே.”

டெக்னீஷியன் அம்மா அறை விளக்கைப் போட்டார். அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்குப் புத்தி இருக்கா? வியாதி இல்லாதவங்க உடம்புல இந்த மருந்தை ஏத்தினா என்ன ஆகும் தெரியுமா?”

“அதனாலதாம்மா நாற்காலியைத் தள்ளினேன். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“சரி, அது இருக்கட்டும். அப்ப இந்தப் பூஞ்சை யாரோடது? அதை யோசிச்சீங்களா?”

அவர் யோசித்தார். முகம் வெளிறியது. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். பாவம், அப்போதும் அவர் முதலில் கேட்டது இதுதான்.

“அப்ப அவளுக்கு ஒண்ணும் இல்லதானேம்மா?”

அதற்குமேல் திட்ட அந்தக் கறாரான மனசுக்கும் தெம்பு இல்லை.

“இப்பவாவது தெரிஞ்சுதே சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரத்தமா கக்கியிருப்பீங்க. பயப்படாதீங்க, மருந்து இருக்கு. குணப்படுத்திடலாம்.”

டாக்டருக்குப் போன் போனது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அப்புறம், “அந்த மனுஷனை முதல்ல ஸ்கேனுக்கு அனுப்புங்க” என்றார். தீவனக் கடைக்காரர் அடங்கி நர்ஸோடு கிளம்பினார். போகும்போதே, “வேளைக்குச் சாப்பிட்டுடு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

டெக்னீஷியன் அம்மா ஒரு புது டப்பாவை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

“அக்கா, டாக்டர் உங்களோடதையும் கேட்கறார். முடிஞ்சவரைக்கும் இருமிக் குடுங்க. சளி வரலன்னாலும் நான் ஏதாவது வழி பண்றேன்.”

அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, டெக்னீஷியன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னாள்.

“எனக்கு ஏதும்மா இருமல்? அவருக்கு என்னென்ன பண்ணுதோ அத்தனையும் எனக்குப் பண்ணுதுன்னு டாக்டர்கிட்ட ஒப்பிச்சேன். தனக்குன்னா அந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டார். அதுவே நான் நாலு தரம் முனகினா, டப்பாவைப் பிடுங்கி அவரே நிரப்பிடுவார்னு எனக்குத் தெரியாதா?”