மேல்வீட்டுப் பால்

"மேல்வீட்டுக்காரி வான்ரூவைப் பார்த்தியா? லிஃப்ட்ல வந்தா, சட்டை முன்பக்கம் பூரா நனைஞ்சு கெடக்கு. பால் ஊறுதுன்னா அப்படி ஊறணும்!"

பால் ஊறுவதற்கென்று வைத்த பன்றிக்கால் வேர்க்கடலை சூப்பை மேஜைமேல் வைத்தபடி மாமியார் சொன்னார். பெய்ஷான் மூக்கைச் சிந்தினாள். மடியில் குழந்தை காம்பைக் கவ்வுவதும், விட்டுவிட்டு வீறிடுவதுமாக இருந்தான்.

"எனக்கும் ஊறிச்சேம்மா. இந்த ஜலதோஷம் வந்தப்புறம்தான்..."

"பிள்ளை பெத்த ஒடம்பு, தலைக்குக் குளிக்காதேன்னேன், கேட்டியா? இப்ப சளியோட பால் குடுத்து அவனுக்கும் ஒட்ட வைக்கப் போற. இப்படிக் குடு, பவுடர் பால் கரைச்சுத் தரேன்."

பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டவர், கூரையை அண்ணாந்து பார்த்தார். "அந்த வீட்டுல ஒரு சத்தம் உண்டா? வயிறு நிறைஞ்சா பிள்ளை ஏன் அழப்போகுது?"

பெய்ஷானுக்கு வயிறு எரிந்தது. அவளும் வான்ரூவும் சேர்ந்தாற்போல்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். வான்ரூவின் பையைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் கூடவே வருவான். பெய்ஷானின் பையை பெய்ஷானேதான் தூக்குவாள். அப்போதே ஆரம்பித்த காந்தல் இது. இப்போது பாலிலும் அவள்தான் ஜெயித்துவிட்டாள்.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள்.

"இதைச் சாப்பிட்டும் சளி போகலக்கா. வேற ஏதாவது குடுங்க."

கடைக்கார அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "பிள்ளைக்குப் பால் குடுக்கறேன்னு சொல்லியா வாங்கினீங்க?"

"எங்க வீட்டுக்காரர் போன குளிருக்கு வாங்கினது. வீட்டுல கெடந்தது. மூக்கடைப்பு டக்குன்னு விட்டுச்சு."

"விடும். மூக்கை வத்த வைக்கிற மருந்து பாலையும் வத்த வைக்கும். உங்களுக்குப் பால் கொறைஞ்சிருக்கணுமே?"

பெய்ஷானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயப்படாதீங்க, நிறுத்தினா திரும்ப ஊறும். காய்ச்சல், உடம்புவலின்னா இந்தப் பாராசிட்டமால் மட்டும், அளவோட. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு. பால் குடுக்கறதை நிறுத்தவே கூடாது. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்."

"சளி பால்ல போயிடும்னு மாமியார் சொல்றாங்களே?"

"பால்ல போறது சளியை எதிர்க்கிற சக்தி. சளி ஒட்டறது தும்மல்ல, கையில. கையைக் கழுவிட்டு, முகக்கவசம் போட்டுக்கிட்டுக் குடுங்க."

திரும்பியபோது பின்னால் வான்ரூ நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். மார்பின்மேல் இரண்டு கைகளையும் குறுக்கே கட்டியிருந்தாள். அதையும் மீறி சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள் பரவியிருந்தன.

மறைக்கிறாளாம்! மறைக்கிற மாதிரி காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பெய்ஷான் விறுவிறுவென்று வெளியேறினாள்.

"கொஞ்சம் நில்லுங்க..."

வான்ரூ எதுவும் வாங்காமல் பின்னாலேயே வந்துவிட்டிருந்தாள். ஸ்கூட்டர்கள் நெருக்கி நின்ற நடைபாதையில் ஒதுங்க இடமில்லை.

"என்ன?"

"உங்களுக்குப் பால் கொறைஞ்சிருச்சுன்னு..."

'எங்கிட்ட மிச்சம் இருக்கு, தரட்டுமா' என்று கேட்கப்போகிறாள். அந்தப் பெருந்தன்மையை நினைத்ததுமே பெய்ஷானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமா, கொறைஞ்சிருச்சு! உங்களுக்கென்ன, ஆறா ஓடுது. எங்க வீட்டுல விடிஞ்சா எழுந்தா உங்க பெருமைதான். எல்லாரும் உங்களை மாதிரி குடுத்து வச்சிருக்க முடியுமா?"

வான்ரூவின் முகம் வெளுத்தது. ஆனாலும் நகரவில்லை.

"அந்த மாத்திரை... மிச்சம் இருக்கில்ல? எனக்குத் தரீங்களா?"

"உங்களுக்கும் சளியா?"

"இல்லை."

"பைத்தியமா உங்களுக்கு? இப்பத்தானே அந்தக்கா சொன்னதைக் கேட்டீங்க? இருக்கிற பாலெல்லாம் வத்திப் போயிடும்!"

"வத்தணும்னுதான் கேக்கறேன்" என்ற வான்ரூ, கட்டியிருந்த கைகளை மெல்லப் பிரித்தாள். "பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே போயிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இதுக்குத்தான் இன்னும் தெரியல."