சக் பக்கம் ஒரு மயிரிழை

"புது லேத்தாம், புது லேத்து! சக் பிடிக்கிற பக்கம் ராடெல்லாம் ஒரு மயிரிழை இளைச்சு வருது" என்று கடைசல் இயந்திரத்தைக் காட்டிப் பொரிந்து தள்ளினார் டர்னர். "பழைய லேத்துல இருபது வருஷம் கடைஞ்சேன். ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?"

"கம்பெனி மெக்கானிக் வரட்டும்ண்ணே. சரியாகலேன்னா திருப்பி அனுப்பிடலாம்" என்றாள் பட்டறை முதலாளியம்மா.

அந்நேரம் பையோடு ஒருவர் வந்து நின்றார்.

"வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். ராடு நேரா வரலை."

வந்தவர் ஒரு கணம் விழித்தார். "இங்கேயுமா? ஒண்ணு கடைஞ்சு காட்டுங்கண்ணே."

டர்னர் கடைந்தார். வந்தவர் அவர் கையையே பார்த்தார்.

"சக் கிட்ட வந்ததும் கைப்பிடியைத் துளி உள்ள தள்றீங்களே, ஏன்?"

"நானா?" மறுபடி கடைந்தார். விரல் தானாகக் கைப்பிடியைத் திருப்பியது. "அட, ஆமா! பழைய லேத்துல அந்த இடம் தேஞ்சு, வெட்டுற டூல் விலகும். தள்ளினாத்தான் ராடு நேரா வரும். பாழாப்போன கை இன்னும் மறக்கலை!"

கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கடைந்தார். இரு முனையும் ஒரே அளவு.

"மெக்கானிக்னா இவர்தான்!" என்று பூரித்தாள் முதலாளியம்மா.

"நான் மெக்கானிக் இல்லைம்மா." வந்தவர் பையிலிருந்து ஒரு ராடை எடுத்தார். "உங்க பழைய லேத்தைப் புரோக்கர்கிட்ட வாங்கினவன். இவர் அதுல கடைஞ்ச இந்த ராடைக் காட்டித்தான் புரோக்கர் வித்தார். எனக்கு ஒண்ணுகூட நேரா வரலை. சண்டை போட வந்தேன். எவ்வளவு தள்ளணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே, போயிடறேன்."

டர்னர் சிரித்துவிட்டார்.

"அது எனக்கே தெரியாதேப்பா! வா, கையை அந்த லேத்து முன்னாடி நிறுத்திக் கேட்டுப் பார்ப்போம்."