அக்கா வீட்டுச் சாப்பாடு

"கூடப் பிறந்த தம்பிகிட்டயே சாப்பாட்டுக்குக் காசு வாங்குறீங்களா?"

உதவித்தொகை விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பின்னே? சும்மா போட இது என்ன சத்திரமா?" என்றாள் அக்கா. "அவன் படுக்கிற ரூமுக்கும் வாடகை உண்டு."

சக்கர நாற்காலியில் இருந்த தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பெயிண்டராக இருந்தவன். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மருந்துக்கும் சிறுநீர் டியூபுக்கும் அரசு தரும் உதவித்தொகைதான். வருமானம் கூடியிருந்தால் அதில் வெட்டு விழும். அதைப் பார்க்கத்தான் அதிகாரி வந்திருக்கிறார்.

"ஏன்க்கா இப்படி..."

"நீ வாயை மூடு!"

கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? வெளியாள் முன்னால், கால் விளங்காத தம்பியிடம் பேசுகிற பேச்சா இது!

அதிகாரிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். தம்பி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. மாசாமாசம் காசு குடுக்கறீங்களா?"

அக்கா கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "பொய் மேடம்! ஒரு பைசா வாங்கினதில்ல. ஊட்டி விடாத குறையா என்னைப் பார்த்துக்கறா. நல்லா எழுதிக்கோங்க!"

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விறுவிறுவென்று எழுதி முடித்தார். எழுந்து நடந்தார்.

அக்கா வாசல் வரை பின்னாலேயே ஓடினாள். "மேடம், அவன் ரோஷக்காரன். என்னை விட்டுக்குடுக்க மாட்டான். அதை நம்பி எழுதிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

"ஓசியில சாப்பிட்டா அந்தச் சாப்பாடும் அவருக்கு வருமானம்னு சட்டம்," என்றார் அதிகாரி. "எழுதினா உதவித்தொகையில மூணுல ஒரு பங்கு போயிடும். விசாரிச்சு வச்சிருக்கீங்க, இல்ல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"காசு வாங்குறதாத்தான் எழுதியிருக்கேன். இந்த மாசத்துலேருந்து நிஜமாவே வாங்கிடுங்க. என்னையும் பொய்க்காரி ஆக்கிடாதீங்க."