சொட்டும் தாண்டாத சுவர்

கடலைக் காப்பதற்கென்றே தாம் பிறவி எடுத்திருப்பதாகக் கோதண்டபாணி நம்பினார். இந்தக் கடற்கரை எண்ணெய்க் கிடங்கின் மேலாளராக வருவதற்கு முன் அவர் கடலைப் பார்த்தது, கல்யாணமான புதிதில், ஒரே ஒரு தடவை. எண்ணெய்த் தொட்டியே உடைந்தாலும் ஒரு சொட்டு வெளியேறாதபடி, அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பியிருந்தார். ஆய்வாளர் ஜெயசீலி அந்தச் சுவரை இன்று ஏற்றுக்கொண்டால்தான் கிடங்கைத் திறக்க முடியும். உள்ளே நின்று விளக்கினால் எடுப்பாக இருக்குமென்று, சுவரின் இருபுறமும் காலூன்றிய பெயின்டரின் மடக்கு ஏணியில் ஏறிக் கோதண்டபாணி உள்ளே இறங்கினார். “சாப்பிட்டுட்டு வந்துர்றேன் அண்ணாச்சி” என்று வெளியே யாரிடமோ சொல்லும் பெயின்டர் இசக்கியின் குரல் கேட்டது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், ஏணியும் அவனோடு போய்விட்டது. சற்று நேரத்தில் ஜெயசீலி வந்து, “சார், எங்க இருக்கீங்க?” என்றார். “உள்ளதான் மேடம். வெளிய வர முடியல.” “உங்களாலயே முடியலன்னா எண்ணெய் எப்படி சார் வரும்? சுவர் பாஸ்!” கோதண்டபாணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இசக்கி எப்போது வந்தால் என்ன என்று தொட்டி நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “டீ வந்திருக்கு சார், ஆறிடப் போகுது” என்று ஜெயசீலியே குனிந்து, சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வடிய விட்டிருந்த துளை வழியாக டம்ளரை உள்ளே தள்ளினார். கொஞ்சமும் சிந்தவில்லை. கோதண்டபாணி ரசித்துக் குடித்துவிட்டு, காலி டம்ளரை அதே வழியாகத் திருப்பி அனுப்பினார். அந்தத் துளைக்கு இன்னும் மூடி போடவில்லை.